நட்சத்திரம் கட்டின துப்பாக்கிக்கு வயது என்ன

கள்ளிக்குப்பத்தில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில், என் கட்டிலுக்கு அடியில், ஒரு கோரைப்பாய்க்குள் சுருண்டு அது படுத்திருந்தது. மேலே நான் படுத்திருந்தேன். எங்கள் இருவரில் நிம்மதியாகத் தூங்கியது அதுதான்.

மாமியாரின் நசரத்பேட்டை வீட்டை இடித்து மாடி கட்டுவதாகப் பேசி பில்டரிடம் சாவியைக் கொடுத்துவிட்டோம். மாமியாரும் அவர் மகனும் எங்களோடு வந்துவிட்டார்கள். சாமான்களை ஒழிக்கும் வேலை மச்சானுக்கு, அதாவது என் மனைவியின் தம்பிக்கு. கிறிஸ்துமஸ் குடில் கட்டும் மூட்டையைப் பிரித்த அவன், அதன் நடுக்கம்பத்தை எடுத்துப் பழைய இரும்பு வாங்குகிறவரிடம் நீட்டியிருக்கிறான். ஓட்டை வாளி, உடைந்த கிரைண்டர், கால் போன பீரோ என்று எதையும் வேண்டாம் என்று சொல்லாத மனிதர் அவர். கம்பத்தைச் சுற்றியிருந்த காக்கிக் காகிதத்தைக் கிழித்துப் பார்த்தார். கையில் தூக்கிப் பார்த்தார். கீழே வைத்தார். வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். தன் தராசைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை.

மச்சான் அந்தத் தராசையும், பாயில் சுருட்டிய கம்பத்தையும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு நேராக என் வீட்டுக்கு வந்தான்.

"மாமா, பேஜாராயிடுச்சி. இது பலூன் சுடற துப்பாக்கி இல்ல போலக்கீது."

அந்தக் குடும்பம் இத்தனை காலமும் அதைப் பலூன் துப்பாக்கி என்றுதான் நம்பிக்கொண்டிருந்தது. கோவில் திருவிழாவில் பலூன் கடை போட்ட ஒருவர் கடையை மூடிக்கொண்டு ஊருக்குப் போனபோது, கழித்துப்போட்ட சாமான்களோடு, இப்போது உயிரோடு இல்லாத என் மாமனார் இதையும் வாங்கி வந்தாராம். வாங்கியவர் அதைக் குடிலுக்கு நடுக்கம்பமாக நட்டார். அதன் மேல்தான் கூரை நிற்கும், உச்சியில் ஸ்டார் தொங்கும். சில வருடங்களுக்கு ஒருமுறை அதற்குப் பெயிண்ட் வேறு. கிறிஸ்துமஸுக்கு முன்னால் அந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் வெள்ளையடித்து, கேட்டுக்கும் ஜன்னலுக்கும் பெயிண்ட் அடிப்பார்கள். டப்பாவில் மிச்சம் இருப்பதை வீணாக்கக் கூடாது என்று, அசையாமல் நிற்கிற எல்லா இரும்புக்கும் மாமனார் ஒரு கோட்டிங் கொடுத்துவிடுவார். அதற்கு மேல் குடிலுக்காகக் காக்கிக் காகிதம். ஆக, அது துப்பாக்கி என்று ஞாபகம் வைத்துக்கொள்ள யாருக்கும் ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று.

எனக்கு மட்டும் என்ன தெரியும். நான் தென்காசிப் பக்கத்து ஆள். புராட்டஸ்டண்ட் குடும்பம். எங்கள் வீட்டில் குடில் கட்டும் பழக்கம் கிடையாது. கத்தோலிக்க வீட்டில் பெண் எடுத்த பிறகுதான் வைக்கோலும் களிமண் ஆடுகளும் பழகின. ஆள் உயரமாக, ஒல்லியாக இருப்பதால் ஸ்டார் கட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பெண் பார்க்கப் போன அன்றே மாமியார் என்னைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்து, உள்ளே போய், "ஒட்டடைக்குச்சி மாரி கீறாரு, ஆனா சிரிச்ச மொகம்" என்று சொன்னது எனக்குக் கேட்டது. அந்தச் சிரித்த முகத்தோடு வருடா வருடம் ஒரு துப்பாக்கியின் வாயில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

பாயைப் பிரித்துத் தரையில் வைத்துப் பார்த்தோம். விசைக்குக் கீழே கத்தரிக்கோல் பிடி மாதிரி ஓர் இரும்பு வளையம். அதற்குள் விரல்களை விட்டு முன்னால் தள்ளிப் பின்னால் இழுத்தால் அடுத்த குண்டு உள்ளே ஏறும். குதிரையில் போகிற வெள்ளைக்காரர்கள் படத்தில் இதை ஒற்றைக் கையால் செய்வார்கள். பள்ளிக்கூட நாட்களில் குடைக்கம்பியை வைத்து நானும் செய்திருக்கிறேன். ஆனால் இது குடைக்கம்பி இல்லை.

கூடப் படித்து வக்கீலாகிவிட்ட நண்பனுக்கு போன் போட்டேன். முதலில் சிரித்தான். பிறகு கேட்டான்.

"எவ்வளவு பழசு?"

"தெரியாது."

"சுடுமா?"

"தெரியாது."

"உனக்கு என்னதான்டா தெரியும்?"

"என் வீட்டுல இருக்குன்னு தெரியும்."

"அது போதும், உன்னை உள்ள வைக்க."

பிறகுதான் பொறுமையாக விளக்கினான். லைசென்ஸ் இல்லாத துப்பாக்கி வீட்டில் இருந்தால் வழக்கு, அதுவும் யார் வீட்டில் இருக்கிறதோ அவர் பேரில். ஆனால் அது ரொம்பப் பழைய காலத்துப் பொருளாக இருந்து, ரிப்பேர் பார்த்தாலும் சுடாது என்ற நிலையிலும் இருந்தால், சட்டம் அதைப் பழம்பொருள் என்று விட்டுவிட இடம் இருக்கிறது. "முதல்ல அதோட வயசைக் கண்டுபிடி. தெரியாம ஸ்டேஷனுக்குப் போனா, நீ முழிக்கிற முழியிலயே கேஸ் எழுதிடுவாங்க. அதுவரைக்கும் அதை வெளிய எடுக்காத."

வெளியே எடுக்க நினைத்தாலும் முடியாதபடி அந்த வாரமே தேர்தல் அறிவித்துவிட்டார்கள். வேலப்பன்சாவடியில் பறக்கும் படை ஒவ்வொரு வண்டியாக நிறுத்தி டிக்கியைத் திறக்கச் சொன்னது. அம்பத்தூர் ரோட்டில் ஒரு கல்யாண வீட்டுக்காரரின் சீர்வரிசைத் தட்டுகளையே தூக்கிப் பார்த்தார்கள் என்று மச்சான் வந்து சொன்னான். எங்கள் அடுக்ககத்தின் லிஃப்டில் கேமரா, படிக்கட்டில் கேமரா, கேட்டில் புதிதாகச் சேர்ந்த செக்யூரிட்டி. ஆள் உயரத்துக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு யார் இறங்கினாலும் கேட்காமல் விடமாட்டார்.

அதைத் தனியாக வீட்டில் விடக்கூடாது என்று என் மனைவி ஒரு சட்டம் போட்டாள். அவள் பள்ளிக்கூட டீச்சர். அவள் போட்டால் போட்டதுதான். அவள் பள்ளிக்கூடம் போய்விடுவாள். மாமியார் காலைப் பூசைக்கும், பூசை முடிந்த பேச்சுக்கும் போய்விடுவார். மச்சானுக்கு அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனி ஒன்றில் வேலை. எஞ்சியது கம்ப்யூட்டரைத் தட்டிப் பிழைக்கிற நான். வைரல் காய்ச்சல் என்று ஆபீஸுக்குச் சொல்லிவிட்டு வீட்டிலிருந்தே வேலை பார்த்தேன். லிஃப்ட் திறக்கும் சத்தம் கேட்டால் எழுந்து கதவின் துளை வழியாகப் பார்ப்பேன். ஆம்புலன்ஸ் போனால்கூட போலீஸ் வண்டியோ என்று ஜன்னலைச் சாத்துவேன். அந்த வீட்டில் காவலாளியும் நான்தான், கைதியும் நான்தான். கைதிக்காவது வேளாவேளைக்குச் சோறு வரும். எனக்கு நானே தோசை ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

துப்பாக்கியின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று இணையத்தில் தேடினேன். தேடிய பிறகு, இதை யாராவது கவனித்துக்கொண்டிருப்பார்களோ என்று பயந்து, அடுத்து பத்துத் தடவை "பருப்புப் பொடி செய்வது எப்படி" என்று தேடினேன். அன்றிலிருந்து இன்றுவரை என் போனில் பருப்பு விளம்பரம் நிற்கவில்லை.

குழலின் மேல்பக்கத்தில் எழுத்து இருக்கும் என்று எங்கோ போட்டிருந்தது. எங்கள் துப்பாக்கியின் குழல் உருண்டை இல்லை, எட்டுப் பட்டையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் மச்சான் பெயிண்ட் ரிமூவர் தடவி, பழைய பிளேடால் மேல்பட்டையைச் சுரண்டினான். வெள்ளிப் பெயிண்டுக்குக் கீழே பச்சை, பச்சைக்குக் கீழே ஆகாய நீலம், அதற்கும் கீழே செங்கல் நிறம். கடைசியில் இரும்பு. இரும்பில் ஆங்கில எழுத்துக்கள், அவற்றின் முடிவில் பதினெட்டில் தொடங்கும் ஒரு வருடம்.

"மாமா, ஆயிரத்து எண்ணூத்து சொச்சம்பா. நம்ம தப்பிச்சிட்டோம்."

நான் பெருமூச்சு விட்டேன். இரண்டு வாரம் கழித்து அன்றுதான் மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். பிரியாணி வரவழைத்தோம். பிரியாணி கொண்டுவந்த பையனுக்குக் கதவைத் திறக்கும்போது நான் பயப்படவே இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

மறுநாள், பழைய துப்பாக்கிகளைப் பற்றிப் பேசுகிற ஒரு வெளிநாட்டு இணையக் குழுவில் அந்த எழுத்தின் படத்தைப் போட்டேன். "என் நண்பன் ஒருவனிடம் இருக்கிறது" என்று எழுதினேன். அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்துத் தாத்தா பதில் போட்டார். உங்கள் நண்பர் அவசரப்பட வேண்டாம், அது துப்பாக்கி செய்த வருடம் இல்லை, அந்த அமைப்பைக் கண்டுபிடித்ததற்குக் காப்புரிமை வாங்கிய வருடம். அதற்குப் பிறகு பல பத்து வருடம் அதே எழுத்தைக் குத்திக்கொண்டுதான் இருந்தார்கள். உண்மையான வயது வேண்டுமென்றால் பிடியின் அடிப்பக்கம், வளையம் போய் ஒட்டுகிற இடத்தில் ஒரு நம்பர் இருக்கும். வளையத்தைக் கொஞ்சம் திறந்தால் தெரியும். திறப்பதற்கு முன் உள்ளே குண்டு இல்லையென்று உறுதி செய்துகொள்ளவும்.

கடைசி வரியை நான் நிதானமாகத்தான் படித்தேன். திறக்காமல் எப்படி உறுதி செய்வது என்று அவர் சொல்லவில்லை.

மறுபடி கட்டிலுக்கு அடியில் போயிற்று. மறுபடி நான் மேலே.

அடுத்து நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது, கொஞ்சம் அந்தக் குதிரை வீரர்களுடையதும். அன்று மாமியார் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மச்சானுக்கு அன்று ராத்திரி ஷிப்ட். சோபாவில் படுத்து போன் பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குப் பத்து நிமிடத்தில் ஆபீஸ் மீட்டிங். அதற்குள் சும்மா வளையம் அசைகிறதா என்று மட்டும் பார்க்கலாம் என்று, பாயைப் பிரித்து, வலது கையின் மூன்று விரல்களை வளையத்துக்குள் விட்டேன். பெயிண்ட் மேல் பெயிண்ட் ஏறி வளையம் குறுகியிருந்தது. தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன். எங்கோ பெயிண்ட் விரிசல் விடும் சத்தம். வளையம் ஒரு விரற்கடை திறந்து, அதே வேகத்தில் திரும்பி வந்து பிடியோடு ஒட்டிக்கொண்டது. நடுவில் என் விரல்கள். மோதிர விரலில் இருந்த கல்யாண மோதிரம் வளையத்துக்கும் இரும்புக்கும் இடையில் போய் ஆப்பு மாதிரி உட்கார்ந்துவிட்டது.

இழுத்தேன், வரவில்லை. திருகினேன், வலித்தது.

"எலேய்" என்றேன். பயம் வந்தால் எனக்குத் தென்காசி வந்துவிடும்.

மச்சான் எட்டிப் பார்த்தான். நான் அவன் பக்கம் திரும்பினேன். என் கை திரும்பியதால் குழலும் அவன் பக்கம் திரும்பியது. அவன் சோபாவுக்குப் பின்னால் விழுந்தான்.

"மாமா, அந்தாண்ட காட்டு. அந்தாண்ட காட்டு மாமா."

அந்தாண்ட காட்டினேன். அந்தாண்ட சமையலறை. மாமியார் கீரைத் தட்டோடு வெளியே வந்து, என்னையும் குழலையும் பார்த்து, சத்தம் போடாமல் உள்ளே போய்க் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னார்.

"மாப்ளே, மாதா பக்கம் காட்டாதீங்க."

நான்கு பக்கத்தில் ஒன்றில் மச்சான், ஒன்றில் மாமியார், ஒன்றில் மாதா சிலை. மிச்சம் இருந்தது பால்கனி. பால்கனிக்கு எதிரே பக்கத்து பிளாக்கின் பால்கனிகள், துணி உலர்த்துகிற பெண்கள். கடைசியில் குழலைத் தரையைப் பார்த்துத் தொங்கவிட்டுக்கொண்டு, கூன் போட்டபடி நடுக்கூடத்தில் நின்றேன். தரைக்குக் கீழே இரண்டாவது மாடிக்காரர்கள் இருக்கிறார்கள் என்ற ஞாபகம் அப்புறம்தான் வந்தது. நல்ல மனிதர்கள்.

மீட்டிங் மணி அடித்தது. இடது கையால் லேப்டாப்பைத் திறந்து சேர்ந்தேன். கேமராவைப் போடச் சொன்னார் மேனேஜர். காய்ச்சல் சார் என்றேன். "கை தூக்குங்க, யாரெல்லாம் இந்தத் தேதிக்கு ஒத்துக்கறீங்க" என்றார். என் வாழ்க்கையில் கை தூக்க முடியாததற்கு இவ்வளவு கனமான காரணம் அதற்கு முன்னால் இருந்ததில்லை.

மீட்டிங் நடந்துகொண்டிருக்கும்போதே வாசல் மணி. மச்சான் துளை வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்பினான். கதவுத் தாழை இன்னொரு தடவை அழுத்திப் பார்த்தான்.

"எலக்சன்காரங்க மாமா."

உண்மையில் ஓர் அம்மாதான். வாக்காளர் சீட்டு கொடுக்க வீடு வீடாக வருகிறவர், தோளில் துணிப்பை. ஆனால் எலக்சன் என்ற சொல்லே அப்போது எங்களுக்குப் பறக்கும் படையாகத்தான் காதில் விழுந்தது. மாமியார் ஓடிவந்து கட்டிலில் கிடந்த போர்வையை என் தோளிலிருந்து கீழ்வரை சுற்றி, கழுத்தில் முடிச்சுப் போட்டார். கதவு திறந்தது.

"குடும்பத் தலைவரு யாரு? கையெழுத்துப் போடணும்."

நான் இடது கையை நீட்டினேன்.

"வலது கைக்கு இன்னா சார்?"

"அடிபட்டுக்கீதுக்கா" என்றான் மச்சான். "கட்டு போட்டுக்கீறோம்."

அந்த அம்மா போர்வையை மேலிருந்து கீழாகப் பார்த்தார். "இவ்ளோ நீளத்துக்கா?"

"ஆளே நீளந்தானேக்கா."

அவர் அதை ஏற்றுக்கொண்டார். என் கோணல் கையெழுத்தை வாங்கிக்கொண்டு, "ஒண்ணும் கவலப்படாதீங்க சார். மை இடது கைலதான் வெப்பாங்க. கண்டிப்பா வந்து ஓட்டு போடுங்க" என்று ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். கதவு சாத்தியதும் மூவரும் தரையில் உட்கார்ந்துவிட்டோம். நான் உட்காரும்போது குழல் டைல்ஸில் மோதி ணங்கென்றது. மூவரும் கண்ணை மூடினோம். ஒன்றும் வெடிக்கவில்லை.

விரல்கள் வீங்க ஆரம்பித்திருந்தன. தேங்காய் எண்ணெய் பாட்டிலையே கவிழ்த்தும் மோதிரம் நகரவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றான் மச்சான். எப்படிப் போவது என்று கேட்டேன். ஆட்டோவில் குழல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் என்றேன். மோதிரத்தை வெட்டலாம் என்றான். மோதிரம் வளையத்துக்கு உள்ளே அல்லவா இருக்கிறது. அப்போதுதான் வேலையிலிருந்து மனைவி வந்தாள். சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தவள், கணவன் கழுத்தில் போர்வையோடு, கையில் துப்பாக்கியோடு, தேங்காய் எண்ணெயில் குளித்த மாதிரி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். தோளில் மாட்டியிருந்த பையைக்கூட இறக்கவில்லை.

"ஏங்க, நான் அதைப் பாத்துக்கத்தானே சொன்னேன். கையில போட்டுக்கவா சொன்னேன்?"

பிறகு அவள்தான் வேலையைக் கையில் எடுத்தாள். வளையம் பெயிண்டால் குறுகியிருக்கிறது, பெயிண்டை எடுத்தால் விரல் வரும். அவ்வளவுதான் விஷயம். தோலில் ரிமூவர் படாமல் விரல்களைச் சுற்றி எண்ணெய்த் துணி. வளையத்தின் வெளிப்பக்கமும் பிடியின் அடியும் மச்சானுக்கு. உள்பக்கம், நகப்பூச்சு அழிக்கிற திரவமும் பழைய டூத்பிரஷுமாக, அவளுக்கு. மாமியார் நாற்காலி போட்டு உட்கார்ந்து, உதிரும் பெயிண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்த சில்வரு, அவரு போறதுக்கு முந்துன வருசம் அடிச்சது. கேட்டுக்கும் அதான்." கொஞ்ச நேரம் கழித்து, "பச்ச. மாடிப்படி கைப்பிடிக்கு வாங்குனது. மூட்டு வலின்னு அந்த வருசம் நான் ஒக்காந்துகினே அடிச்சேன்." இன்னும் கொஞ்சம் உதிர்ந்தது. "தோ, இந்த நீலம். இவன் கோவில்ல மொதமொத அப்பம் வாங்குன, புது நன்மை வருசம். மிச்சத்த சைக்கிளுக்கும் அடிச்சாரு. சாமியாரு கோவில் கேட்டுக்குக் கொஞ்சம் கேட்டாரு, இவரு இல்லன்னுட்டாரு."

"அந்தப் பொய்ய கிறிஸ்துமஸுக்கு முந்தி அதே சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துல சொன்னாராம்மா?" என்றாள் என் மனைவி.

"நீலத்துக்குக் கீழ செவப்பு கீது பாரு. நீ பொறந்த வருசம்."

என் மனைவி டூத்பிரஷை நிறுத்திவிட்டு அந்தச் செங்கல் நிறத் துணுக்கை விரல் நுனியில் எடுத்துப் பார்த்தாள். நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கை வலித்ததால் அதிக நேரம் பார்க்க முடியவில்லை.

சிவப்புக்குக் கீழே பெயிண்ட் இல்லை. ஆக, அவள் பிறந்த வருடம்தான் அது அந்த வீட்டுக்கு வந்திருக்கிறது. பிடியின் அடியில் மச்சான் துடைத்த இடத்தில், இரும்பில் எண்கள் வந்தன. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து வாசித்தோம். நாலாவதாக மாமியார் வாசித்து, நாங்கள் ஒன்று என்று படித்தது ஏழு என்று திருத்தினார். அவருக்குப் போன மாதம்தான் கண்புரை எடுத்தது.

அந்த நேரத்தில் வளையம் தானாகவே இளகியது. மனைவி மெல்ல முன்னால் தள்ளினாள். ஈரமான கதவு திறப்பது போல ஒரு சத்தம். என் விரல்கள் வெளியே வந்தன, மோதிரம் வளைந்திருந்தது. துப்பாக்கியின் மேல்பக்கம் திறந்துகொண்டது. நாங்கள் நால்வரும் தரையில் குப்புறப் படுத்தோம். மாமியார் முட்டியைப் பிடித்துக்கொண்டு கடைசியாகப் படுத்தார்.

உள்ளேயிருந்து விழுந்தது கொஞ்சம் வைக்கோல். குடில் வைக்கோல். அதோடு ஒரு ஜிகினாத் துண்டும், சிவப்பு ஒயரில் அரை விரல் நீளமும். குண்டு எதுவும் இல்லை.

மச்சான் டார்ச் அடித்துப் பார்த்தான். குண்டு உட்காருகிற இடத்தில், இந்தப் பக்கத்துச் சுவரிலிருந்து அந்தப் பக்கத்துச் சுவர்வரை ஒரு துளை. துளையைப் பட்டியால் அடைத்துப் பெயிண்ட் அடித்திருந்ததால் வெளியே தெரியாமல் இருந்திருக்கிறது. மச்சான் ஆணியால் குத்தியதும் பட்டி உதிர்ந்தது. மாமனார் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் டிரில்லிங் மெஷின் ஓட்டியவர். அவர் கையில் அகப்பட்ட எதற்கும் துளை போடாமல் விட்டதில்லை. மாட்டுவதற்கு என்று கரண்டிக்கு, பூட்டுவதற்கு என்று பெட்டிக்கு, ஒயர் போக என்று மேசைக்கு. அந்த வீட்டில் துளை இல்லாத பொருள் அவருடைய ஞானஸ்நானச் சான்றிதழ் மட்டும்தான், அதையும் ஆணியில் மாட்டியிருந்தார்கள்.

"ஸ்டாருக்கு ஒயர் இழுக்கப் போட்டது" என்றார் மாமியார். "நான்தான் பட்டறைக்கு எடுத்துகினு போயி போட்டுகினு வாங்கன்னேன்."

அமெரிக்கத் தாத்தாவுக்கு நம்பரை அனுப்பினேன். கூடவே துளையின் படத்தையும் அனுப்பினேன். வயது உடனே வந்துவிட்டது. நூறு வருடத்துக்கும் மேலே, நூற்றிருபதைத் தொட்டுக்கொண்டு. துளையைப் பற்றி ஒரே ஒரு வரி எழுதியிருந்தார். இதைச் செய்தவர் யார், ஏன் என்று கேட்டிருந்தார். என் மாமனார், குழந்தை இயேசுவுக்காக என்று பதில் போட்டேன்.

வக்கீல் நண்பன் கேட்டுவிட்டு, "வயசு சரி. சுடாதுன்னும் தெரிஞ்சுபோச்சு. ஓட்டு எண்ணி முடியட்டும், நானே ஸ்டேஷன்ல பேசறேன்" என்றான். ஆக, ஓட்டுப் போட்டு, ஓட்டு எண்ணி, பறக்கும் படை ரோட்டை விட்டு எழுந்து போகிறவரை நான் கட்டிலின் மேலேயேதான் இருந்தேன். விடை தெரிந்த பிறகு காத்திருப்பது தெரியாமல் காத்திருந்ததைவிட மோசம். வேறு கவலை இல்லாததால் அடைந்து கிடப்பது மட்டும் தனியாகத் தெரிந்தது. சுவரில் எத்தனை பல்லி என்று எனக்குத் தெரியும். பல்லிகளுக்கும் என்னைத் தெரியும்.

ஸ்டேஷனுக்குப் போன அன்று அங்கே ஒரே கூட்டம். தேர்தல் வந்தால் லைசென்ஸ் வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைத்துவிட வேண்டும். முடிந்த பிறகு திரும்ப வாங்கிக்கொள்ளலாம். அன்று வாங்க வந்திருந்தார்கள். எல்லார் கையிலும் எண்ணெய் போட்டுத் துடைத்த, கறுத்த, மிடுக்கான துப்பாக்கிகள். நடுவில் நான், சில்வரும் பச்சையும் நீலமுமாகத் திட்டுத் திட்டாக உரிந்த ஒன்றைப் பாயில் சுருட்டிக்கொண்டு. ஒரு பண்ணையார் போன்றவர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் துப்பாக்கியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொண்டார், ஒட்டிக்கொள்ளுமோ என்பது போல.

இன்ஸ்பெக்டர் முன்னால் நான், நண்பன், மச்சான், மாமியார். நண்பன் விவரம் சொன்னான். இன்ஸ்பெக்டர் அதை மேசையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"வயசு என்ன?"

அத்தனை வாரம் அந்த ஒரு கேள்விக்குத்தான் தயாரானேன்.

"நாற்பத்தொண்ணு சார்."

"உங்களுக்கு இல்ல. இதுக்கு."

சொன்னேன். நம்பரைக் காட்டினேன். அந்த அமைப்பை விளக்கினேன். வளையத்தில் கை விட்டுக் காட்டப் போனதை மச்சான் என் முழங்கையைப் பிடித்துத் தடுத்தான். இன்ஸ்பெக்டர் தன் பேனாவை எடுத்து அந்தத் துளைக்குள் ஒரு பக்கத்தில் விட்டார். மறுபக்கம் வந்தது. பேனாவை முன்னும் பின்னும் இழுத்துப் பார்த்தார்.

"இது சுடாது. எவனாலயும் சரி பண்ண முடியாது" என்றார். "யார் போட்ட துளை?"

"எங்க ஊட்டுக்காரரு சார்" என்றார் மாமியார். "ஸ்டாருக்கு ஒயர் இழுக்க."

"ஒயருக்குன்னா மேல, நுனிகிட்ட போட்டிருக்கணுமேம்மா. அங்கதான ஸ்டார் இருக்கும். இவரு சரியா குண்டு உக்கார்ற எடத்துல போட்டிருக்காரு."

மாமியார் கிட்டே வந்து துளையைத் தொட்டுப் பார்த்தார். புடவைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"அவரு ரெண்டு தபா அளக்காம துளை போட மாட்டாரு" என்றார்.

அது பலூன் துப்பாக்கி இல்லை என்று அந்த மனிதருக்கு முதல்நாளே தெரிந்திருக்கிறது. குடும்பத்தைப் பயமுறுத்தாமல், பட்டறையில் வைத்து அதன் உயிரை எடுத்து, ஓட்டையைப் பட்டி வைத்து மூடி, மேலே வைக்கோல் பரப்பிக் குழந்தை இயேசுவைப் படுக்க வைத்திருக்கிறார். நான் கட்டிலுக்கு மேலே நடுங்கிக்கொண்டிருந்த அத்தனை நாளும் அவர் என்னைப் பார்த்துச் சிரித்திருப்பார். மருமகன் என்ற முறையில் எனக்கு அது பழக்கம்தான்.

துப்பாக்கியை ஆயுதப் பிரிவுக்கு அனுப்பிச் சான்று வாங்க வேண்டும், அதுவரை இங்கேயே இருக்கட்டும், பிறகு கேட்டால் மியூசியத்துக்கும் கொடுக்கலாம் என்றார் இன்ஸ்பெக்டர். என் பேரில் வழக்கு இல்லை. நீங்கள் போகலாம் என்றார். அந்த இரண்டு சொல்லைக் கேட்டு நான் எழுந்த வேகத்தில் நாற்காலி சாய்ந்தது.

வாசல்வரை வந்துவிட்டோம். பக்கத்தில் நின்ற ஒரு பெண் போலீஸ், கழுத்தில் ஜெபமாலை தெரிந்தது, மாமியாரைக் கேட்டார்.

"அப்ப இந்த வருசம் குடிலுக்கு நடுவுல இன்னாத்த நடுவீங்கம்மா?"

மாமியார் நின்றார். மெல்லத் திரும்பினார். பெண் பார்க்க வந்த அன்று பார்த்தது போலவே என்னைக் காலிலிருந்து தலைவரை ஒருமுறை பார்த்தார். எனக்கு வலது கை தானாகவே முதுகுக்குப் பின்னால் போயிற்று.

"எங்க மாப்ள கீறாரே" என்றார்.